பதினோரு வருஷம்: அவர் ஜுபைலில், நாங்கள் உறையூரில்

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் சென்ற மாதம் நடந்த ஞாயிறு சந்திப்பில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செய்திமடல் குழு கேட்டுக்கொண்டதால், பேசியதை அப்படியே எழுதியிருக்கிறேன்.)



"மேடம், இந்த மாதம் நீங்கள்தான் பேச வேண்டும்" என்று செயலாளர் சொன்னபோது, சீனியர் சிட்டிசன் டெபாசிட் வட்டி பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவளிடம் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். அவரோ, "இல்லை மேடம். நம்ம மூன்று பிளாக்கிலும் சேர்த்து எத்தனையோ வீடுகளில் ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிறார், ஒருத்தர் இங்கே இருக்கிறார். நீங்கள் அப்படிப் பல வருஷம் இருந்தவர். அதைப் பேசுங்கள்" என்றார்.

எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இதுவரை யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் 1989-ல் சவுதி அரேபியாவுக்குப் போனார். ஜுபைல் என்ற ஊர். கடலோரத்தில் பெட்ரோ கெமிக்கல் தொழிற்சாலைகளுக்காகவே எழுப்பிய நகரம். அங்கே ஒரு தொழிற்சாலையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. இரண்டு நாத்தனார்களின் கல்யாணக் கடன், ஒரு வீட்டுக் கடன். இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். திரும்பியது 2000-ல். நடுவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஒன்றரை மாத லீவு. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் எங்களோடு இருந்தது எட்டு மாதம்கூட இருக்காது.

நான் திருச்சி உறையூரில் இருந்தேன். மாமியார், ஆறு வயது மகன், மூன்று வயது மகள். காலையில் ஒன்பதரைக்குக் கிளைக்குள் இருக்க வேண்டும்.

இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எதிர் வீட்டில் இருந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டு எல்லாருக்கும் கொடுத்திருந்தோம். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை, நம் நேரம் ராத்திரி எட்டு மணிவாக்கில் கூப்பிடுவார். சவுதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஐந்தரை.

வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்'. எதிர் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்கும். மணி அடித்ததும் அந்த வீட்டுப் பெரியம்மா எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். இருபது பேர் பாட்டு கேட்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் என்ன பேச முடியும்? "சௌக்கியமா? சாப்பிட்டீங்களா? டிராஃப்ட் வந்துடுச்சு." முடிந்தது.

மற்றபடி கடிதம். போய்ச் சேர இரண்டு வாரம், பதில் வர இரண்டு வாரம். லீவில் வருகிறவர்களிடம் கேசட் கொடுத்து அனுப்புவார். அதில் அவர் குரல், பின்னால் ஏ.சி. ஓடுகிற சத்தம். என் மகள் அந்த டேப்ரிக்கார்டரைத்தான் ரொம்ப நாள் அப்பா என்று நினைத்திருந்தாள். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நடந்தது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் சொல்ல மூன்று விஷயங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று நான் கவுன்ட்டரில் பார்த்தது. இரண்டாவது நான் செய்த தப்பு. மூன்றாவது அக்கம்பக்கம்.

முதலில் கவுன்ட்டர்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். ஒரு அம்மா வந்தார். கணவர் வளைகுடாவில். கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருந்தது. மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, ஐயாயிரம் ரூபாய் வேண்டும். கணக்கில் நாற்பதாயிரத்துக்கு மேல் கிடந்தது. பாஸ்புக் கையில் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, கல்யாண போட்டோகூட எடுத்து வந்திருந்தார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம். "நாமினி நான்தானேம்மா, என் பேர்தானே எழுதியிருக்கு?" என்று கேட்டார். நாமினி என்பது கணக்குக்காரர் காலமான பிறகுதான் என்று அந்த நேரத்தில் அவரிடம் எப்படிச் சொல்வது? நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேனேஜர்தான் சொன்னார்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அதே கிளையில் நகைக்கடன் பிரிவுக்குப் போய், கையிலிருந்த இரண்டு வளையலைக் கழற்றி வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு போனார். கணவர் சம்பாதித்த பணம் பத்தடி தள்ளி இருக்கிறது, அவர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். சட்டப்படி நாங்கள் செய்தது சரி. ஆனால் அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் எங்கள் பாஸ்புக்குகளை எடுத்துப் பார்த்தேன். வங்கியில் வேலை பார்க்கிற என் வீட்டிலேயே ஒரு வைப்பு நிதி அவர் பெயரில் தனியாக இருந்தது!

இப்போதும் இதே கதைதான், வேறு உருவத்தில். ஆகவே புறப்படுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது, விதிகள் மாறும். உங்கள் கிளையில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலைக்கென்று வெளிநாடு போய்த் தங்குகிறவர், இங்கே இருக்கும் தன் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு. இவற்றில் இங்கே இருக்கும் மனைவியையோ கணவரையோ சேர்க்கலாம். ஆனால் 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்ற முறையில்தான். அதாவது முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை இரண்டாவது பெயர்க்காரர் தானாகப் பணம் எடுக்க முடியாது. "பெயர் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எடுக்கும் அதிகாரம் வேண்டுமென்றால் தனியாக அதிகாரக் கடிதமோ பவர் ஆஃப் அட்டர்னியோ கொடுத்திருக்க வேண்டும்.

பவர் பத்திரத்தை இங்கே இருக்கும்போதே எழுதிவிடுவது சுலபம். அங்கே போன பிறகு என்றால் இந்தியத் தூதரகத்துக்கு லீவு போட்டுப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்திட வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும்.

"ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரே, போதாதா?" என்பார்கள். போதாது. கார்டை இன்னொருவர் பயன்படுத்துவது விதிப்படி தவறு. அதோடு அதை வைத்து எப்.டி.யை முறிக்க முடியாது, லாக்கரைத் திறக்க முடியாது. இங்கே இருப்பவர் பெயரில் அவரே இயக்கக்கூடிய கணக்கு ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதில் மூன்று மாதச் செலவுக்கான பணம் எப்போதும் கிடக்க வேண்டும்.

கடைசியாக போன் நம்பர். கேஸ், மின்வாரியம், பள்ளிக்கூடம், நம்ம குடியிருப்பு கேட் ஆப், எல்லாவற்றிலும் யாருடைய எண் இருக்கிறது என்று உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சி பிளாக்கில் ஒரு தம்பி இருக்கிறார். மனைவி ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போயிருக்கிறார். அந்தத் தம்பியும் நாலு வயதுக் குழந்தையும்தான் வீட்டில். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.) ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு கேஸ் சிலிண்டர் வந்து வாசலில் நிற்கிறது. டெலிவரி எண் கேட்கிறார்கள். அது மனைவி போனுக்குப் போயிருக்கிறது. ஜெர்மனியில் அப்போது விடியற்காலை ஐந்தரை. எழுப்பாமல் சிலிண்டரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். நான் லிஃப்ட்டுக்குக் காத்திருந்தேன். "கூப்பிடுப்பா" என்றேன். "பாவம் ஆன்ட்டி, ராத்திரி ஒரு மணிக்குத்தான் தூங்கினா" என்றார். "பரவாயில்லை, கூப்பிடு" என்றேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இரண்டாவது விஷயம்.

1994 ஜூலை. மகன் ஆறாம் வகுப்பு. காய்ச்சல் ஐந்து நாள் விடவில்லை. ரத்தப் பரிசோதனையில் டைபாய்டு. ஒன்பது நாள் நர்சிங் ஹோமில் வைத்திருந்தோம். நடுவில் இரண்டு நாள் ரொம்பப் பயமாக இருந்தது. பகலில் மாமியார் உட்கார்ந்திருப்பார், ராத்திரி நான். காலையில் அங்கிருந்தே வங்கிக்குப் போவேன்.

அதில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எதிர் வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்தேன். "எல்லாரும் சௌக்கியமா?" "சௌக்கியம்." "பெரியவன் எங்கே? கூப்பிடு." "அவன் எங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கான்." கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பாராட்டுகிற மாதிரி பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தூரத்தில் இருப்பவரை ஏன் கலங்கடிக்க வேண்டும், நானே சமாளித்துவிட்டேன் என்று.

மூன்று வாரம் கழித்து, லீவு முடிந்து ஜுபைல் திரும்பிய நம் ஊர்க்காரர் ஒருவர் யதார்த்தமாக, "பையன் இப்போ தேவலையா?" என்று அவரிடம் கேட்டிருக்கிறார். அடுத்து வந்த கடிதத்தில் நாலே வரி. அதில் ஒன்று இன்னும் எனக்கு மறக்கவில்லை. "கவலைப்படக்கூட எனக்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லையென்றால், நான் உங்களுக்குப் பணம் அனுப்புகிற ஆள் மட்டும்தானா?"

கோபம் வந்தது எனக்கு. இங்கே நான் பட்ட பாடு இவருக்கு என்ன தெரியும் என்று. ஆனால் இரண்டு நாள் கழித்துப் படித்தபோது அது கோபக் கடிதமாகத் தெரியவில்லை. எங்களைச் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்த ஒருவருக்கு, சுமையே தன் கையில் இல்லை என்று தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு கடிதம் எழுதும் முறையை மாற்றினேன். நான் பி.காம். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம் நல்ல செய்தி, வலது பக்கம் கெட்ட செய்தி. வலது பக்கம் காலியாக இருந்தால் கடிதத்தைத் தபாலில் போடக் கூடாது என்று எனக்கு நானே விதி. காலியாக என்றைக்கும் இருந்ததில்லை, அது வேறு விஷயம். கூரை ஒழுகல், மகளின் கணக்கு மார்க், எனக்கும் மாமியாருக்கும் நடந்த சண்டை எல்லாம் போகும். அவர் பதில் வருவதற்குள் கூரை வேலை முடிந்திருக்கும். இருந்தாலும் அவர் இரண்டு பக்கத்துக்குக் கூரையைப் பற்றி எழுதியிருப்பார். எந்த மேஸ்திரி, எத்தனை மூட்டை சிமெண்ட் என்று.

இதோடு சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சரியாகவில்லை.

2000 மே மாதம் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். பத்து நாள் திருவிழா. பதினோராம் நாள் காலையில் காபிக்குச் சர்க்கரை எங்கே என்று கேட்டார். அவர் வீட்டில், அவர் கட்டிய சமையலறையில். ஒரு மாதம் கழித்துப் பள்ளியிலிருந்து ஒரு படிவம். மகன் பிளஸ் டூ. அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மகன் அவரைத் தாண்டிச் சமையலறைக்கு வந்து, மாவு கையோடு நிற்கிற என்னிடம் கையெழுத்துக் கேட்டான். "அப்பா இருக்காரேடா" என்றேன். "அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான். ஹாலில் பேப்பர் புரளும் சத்தம் நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவருக்குச் செய்தி எல்லாம் சொன்னேன், வேலை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. பதினோரு வருஷம் அவர் இல்லாமலே ஓடப் பழகிய வீட்டுக்கு அவர் விருந்தாளியாகத்தான் வந்து சேர்ந்தார். இதில் என் பங்கு பெரிது. எல்லாவற்றையும் நானே செய்வதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. வந்தவர் மின் கட்டணம் கட்டட்டுமா என்று கேட்டால், "விடுங்க, நான் போற வழிதான்" என்பேன். அதை விட்டுக் கொடுக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. மகளுக்கு அவர்தான் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று வைத்தோம். முதல் மாதம் இரண்டு பேரும் அழுதார்கள். பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் 94 வாங்கினாள். இன்றைக்கும் அவள் போன் செய்தால் முதலில் அப்பாவைத்தான் கேட்கிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஆகவே இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இருப்பவர் ஆணோ பெண்ணோ, போனவரிடம் வீட்டு வேலை ஒன்றை விட்டு வையுங்கள். எங்களுக்கு அன்று வழியில்லை, உங்களுக்கு இருக்கிறது. மளிகை ஆர்டரை அவர் அங்கிருந்து போடட்டும். பள்ளிக்கூட ஆசிரியரிடம் மாதம் ஒரு முறை அவர் பேசட்டும். நம்ம பராமரிப்புக் கட்டணத்தை அவர் கட்டட்டும். (பொருளாளர் தலையாட்டுகிறார்.) அவர் மறந்தால் மறக்கட்டும். ஒரு நாள் பருப்பில்லாமல் ரசம் வைத்துச் சாப்பிடலாம், பரவாயில்லை. நீங்களே செய்வது சுலபம்தான். அந்தச் சுலபத்துக்குப் பின்னால் கொடுக்க வேண்டிய விலை இருக்கிறது.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். அழுகை வந்தால் வீடியோ காலில் அழுங்கள். மேக்கப் போட்டுக்கொண்டு "எல்லாம் ஃபைன்" என்று சொல்லாதீர்கள். அந்த ஜெர்மனிப் பெண் ஐந்தரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நம்பர் சொன்னாரா, பிறகு இருபது நிமிஷம் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தாராம். தம்பி மறுநாள் லிஃப்ட்டில் சொன்னார்.

மூன்றாவது, அக்கம்பக்கம். இது மற்ற நமக்கு.

கணவர் ஊரில் இல்லாத வீட்டைத் தெரு எப்போதும் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். ஒரு மழை நாளில் கூட வேலை பார்க்கும் ஒருவர் ஸ்கூட்டரில் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அதற்கு மூன்று மாதம் பேச்சு. அதே தெருவில்தான் அந்தப் பெரியம்மாவும் இருந்தார். டைபாய்டு ஒன்பது நாளும் என் மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர். பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. நாம் எந்த வகை என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

"அவர் எப்போ வர்றார்?" என்று தினமும் கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது ஒரு தடவை, பதில் சொல்பவருக்கு அது பத்தாவது தடவை. "கடைக்குப் போறேன், ஏதாவது வேணுமா?" என்று கேளுங்கள். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது பாதுகாப்பல்ல.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விருப்பப்பட்ட வீட்டுக்காரர்கள் ஒரு தாளில் நாலு விவரம் எழுதி, ஒட்டிய உறையில் அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம். வெளிநாட்டில் இருப்பவரின் எண், உள்ளூரில் ஒரு உறவினர் எண், மாற்றுச் சாவி யாரிடம், குடும்ப டாக்டர் யார். அவசரத்துக்கு மட்டும் பிரிக்க வேண்டும். அவர் திரும்பி வந்ததும் பிரிக்காத உறையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏ பிளாக்குக்கு ராத்திரியில் ஆஸ்பத்திரி துணை வேண்டுமென்றால் என் கதவைத் தட்டலாம். எனக்குத் தூக்கம் குறைவு.

இத்தனையும் சொன்னேனே, அவர் என்ன நினைப்பாரோ என்று கவலைப்படாதீர்கள். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நேற்றே படித்துக் காட்டிவிட்டேன். அந்த ஸ்கூட்டர் விஷயம் மட்டும் அவருக்குப் புதுசு. வலது பக்கத்தில் எழுத விட்டுப் போயிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறோம்.

வெளியே சுண்டல் இருக்கிறது, ஆறுவதற்குள் போகலாம்.